மேப்பிள் பார்க்கப் போகிற பிள்ளைக்கு

யாழ்ப்பாணம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கனடாவில் இலை நிறம் மாறுகிற நேரம், ரொறன்ரோவுக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கிற அல்கொன்குவின் பார்க்குக்கு மோட்டார் சைக்கிளில் போகப்போகிறாய் என்று அம்மாவிடம் சொன்னாயாம். மறித்து எழுதச் சொல்லி அவ நிற்கிறா. நான் மறிக்கவில்லை, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் காலை பத்துக்கு முதல் அந்தக் காட்டு றோட்டில் ஏறாதே, பின்னேரம் நாலரைக்குப் பிறகு அதில் நிற்காதே. இந்த ஒன்றை விடாமல் பிடித்தால் மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

ஹைவே 60 என்கிற அந்த றோட்டு பார்க்குக்குள் 56 கிலோமீற்றர் ஓடுகிறது, மேற்கு வாசலில் இருந்து கிழக்கு வாசலுக்கு. வெள்ளணவே மேற்கிலிருந்து வெளிக்கிட்டால் சூரியன் நேரே முகத்தில். பொழுதுபடத் திரும்பினால் அதே சூரியன் திரும்பவும் முகத்தில். செப்டம்பர் கடைசியில் அங்கே ஏழு மணி கழிந்துதான் விடியும். இரவு விழுந்த பனி, சில நாளில் உறைபனி, மர நிழலில் வெயில் ஏறும்வரை காயாது. பாலங்கள் இன்னும் மோசம். மேலேயும் கீழேயும் காற்றுப் படுவதால் மற்ற றோட்டுக்கு முதல் பாலம்தான் உறையும். பின்னேரத்தில் வேறு கரைச்சல்: மூஸ் மான். செப்டம்பர் கடைசியும் ஒக்டோபரும் அதுகள் சோடி தேடித் திரிகிற காலம். கறுத்த உடம்பு, உயரமான கால், கண் உன் ஹெட்லைற் வெளிச்சத்துக்கு மேலே நிற்கும், அதனால் மினுங்காது. கிட்டப் போகும்வரை இருட்டோடு இருட்டாகத்தான் தெரியும். ஒன்று குறுக்கே போனால் நின்றுவிடு, பின்னால் இன்னொன்று வரக்கூடும்.

ரொறன்ரோவில் இருந்து மேற்கு வாசலுக்கு ஏறத்தாழ 270 கிலோமீற்றர். பார்க்குக்குள் போய் வருவதையும் சேர்த்தால் ஒரு நாளில் 650 கிலோமீற்றர். அது இலை பார்க்கிற பயணமில்லை, முதுகு முறிக்கிற பயணம். மேற்கு வாசலுக்கு முதல் வருகிற ஹன்ற்ஸ்வில் ஊரில் ஒரு இரவு தங்கு. பெற்றோலையும் அங்கேயே நிரப்பு, பார்க்குக்குள் கிடைக்கும் என்று நம்பிப் போகாதே. போனும் சில இடத்தில் எடுக்காது, ஆகவே எந்த நேரம் எங்கே நிற்பாய் என்று கூட்டாளிப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போ. பார்க்கில் இறங்கி நிற்பதென்றால் வாகன அனுமதி எடுக்கவேண்டும், அந்தக் காலத்தில் முன்கூட்டியே பதிவு செய். சனி ஞாயிறு வேண்டாம். கிழமை நாளில் போ.

எந்தக் கிழமை என்பதற்குக் கலண்டரை மட்டும் நம்பாதே. சீனி மேப்பிள் சிவக்கிறது பெரும்பாலும் செப்டம்பரின் கடைசிக் கிழமை. ஒக்டோபரில் அஸ்பன், பேர்ச் மரங்கள் மஞ்சளாகும், அதற்கும் பிறகு தமறாக் மரம் பொன்னிறமாகும். இலையின் பச்சை கரையும்போது உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, மேப்பிள் அதை அந்த நேரத்தில் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்புக் கூடும். மழையும் காற்றும் ஒரு நாள் சேர்ந்து அடித்தால் பாதி கொட்டிப்போகும். பார்க்குகளை நடத்துகிற ஒன்ராறியோ பார்க்ஸ் ஒவ்வொரு பார்க்கிலும் எத்தனை வீதம் நிறம் மாறியிருக்கிறது என்று போடுகிறது, அதைப் பார்த்துவிட்டு வெளிக்கிடு.

அந்தக் கொட்டின இலைதான் நான் பயப்படுகிற சாமான். இங்கே அறுவடைக் காலத்தில் நெல் காயவிட்ட றோட்டில் எப்படி ஓடுவாயோ அந்தப் புத்தி அங்கே வேண்டும். நனைந்த இலை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, இடையில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே மெழுகுத் தோல் இருக்கிறது. வாகனம் ஏறி ஏறி அரைபட்டால் களி மாதிரி ஆகும். ரயர் றோட்டைத் தொடாது, அந்தக் களியைத்தான் தொடும். கீழே குழி இருக்கிறதா, வெள்ளைக்கோடு இருக்கிறதா என்றும் தெரியாது. காய்ந்த இலையும் லேசுப்பட்டதில்லை, மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம் கிடக்கும்.

ஆகவே இலையைக் கண்டால் அதற்கு முதலே வேகத்தைக் குறை. அதன்மேல் ஏறும்போது சைக்கிள் நிமிர்ந்து இருக்கவேண்டும். பிறேக் இல்லை, அக்சிலேற்றர் முறுக்கு இல்லை, கியர் மாற்றமும் இல்லை. அப்படியே உருளவிட்டுத் தாண்டு. பிறேக்கில் ஏபிஎஸ் இருக்கிறதுதானே என்று நினைக்காதே. நேரே போகும்போது சில்லு இறுகாமல் அது பார்க்கும். சரிந்திருக்கிற சைக்கிள் பக்கவாட்டில் வழுக்கினால் சாதாரண ஏபிஎஸ்ஸால் ஒன்றும் ஆகாது.

இங்கே இடப்பக்கம் ஓடிப் பழகின எங்களுக்கு இன்னொரு சிக்கல். இலையும் சல்லியும் றோட்டின் கரையில்தான் சேரும். இங்கே இடது வளைவின் உட்பக்கம் ஊத்தையாக இருக்கும் என்று கண் தானாகத் தேடும். அங்கே அது வலது வளைவு. வலப்பக்கம் திரும்பும்போது கரையை ஒட்டிப் போகாதே, உன் லேனின் நடுவில் நில். படம் எடுக்க இறங்கிவிட்டுத் திரும்ப ஏறும்போதும் கவனம். றோட்டில் ஒருவரும் இல்லையென்றால் கை தன்பாட்டில் இடப்பக்கம் இழுக்கும், களைத்துப்போன பின்னேரத்தில் கூடுதலாக.

ஓடிக்கொண்டே மரம் பார்க்காதே. பார்க்க ஆசை வந்தால் ஒதுக்கிடத்தில் நிறுத்து. காய்ந்த இலைக் குவியலுக்கு மேலே மட்டும் நிறுத்தாதே, சூடான சைலன்சர் அதைப் பற்றவைக்கும். மண் இளகியிருந்தால் சைட் ஸ்ராண்டுக்குக் கீழே தட்டையான தகடு ஒன்று வை, இல்லாவிட்டால் நீ படம் எடுத்து முடிக்கிறதுக்குள் சைக்கிள் படுத்துவிடும்.

இனி சைக்கிள். ரயரில் காற்றை ஓடுவதற்கு முதல், குளிர்ந்த நிலையில் அள. வெப்பநிலை ஐந்தாறு பாகை குறைந்தால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ அளவில் இறங்கும், கோடையில் அடித்த காற்று இப்போது போதாது. எவ்வளவு என்பது சைக்கிளில் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரில் இருக்கிறது, ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பது உச்ச அளவு, அதை அடிக்காதே. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். பழைய ரயர் தவாளிப்பு நல்லாக இருந்தாலும் இறுகிப்போய் இருக்கும், குளிரில் பிடிக்காது. புது ரயரும் முதல் 150 கிலோமீற்றர் அளவுக்கு மேல்தோல் தேயும்வரை அவ்வளவாகப் பிடிக்காது, அதுவரை ஆறுதலாகப் போ.

செயினை எஞ்சின் நிற்பாட்டி, நியூற்றலில் வைத்துப் பார். கீழ்ச் செயினின் நடுவை மேலும் கீழும் அசைத்து, ஆட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்று அள. சில்லைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளக்கவேண்டும், செயின் ஒரே சீராகத் தேயாது. ஆகவும் இறுகின இடத்தை வைத்துத்தான் மனுவலில் உள்ள அளவுக்குச் சரிசெய். தளர்ந்த இடத்தைப் பார்த்து இறுக்கினால் மற்ற இடம் தெறிக்கிற மாதிரி இறுகும், பெயரிங் போகும். கழுவுவது மண்ணெண்ணெயில், மெதுவான பிரஷால். பெற்றோல் போட்டால் உள்ளே உள்ள ரப்பர் வளையம் கெட்டுவிடும். ஒயில் பூசுவது முதல் நாள் ஓடி வந்த கையோடு, செயின் சூடாக இருக்கும்போது. வெளிக்கிடுகிற நேரம் பூசினால் பின் ரயரில் தெறிக்கும், முதல் வளைவிலேயே தெரியும். எஞ்சினை ஓடவிட்டுச் சில்லைச் சுழற்றிப் பூசாதே. விரல் போகும்.

உடுப்பு: ஐந்து பாகைக் குளிரில் மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடினால் தோலுக்கு அது மறை மூன்று அளவில். ஒரு தடித்த ஜக்கெற்றைவிட மெல்லியதாக இரண்டு மூன்று, மேலே காற்று நுழையாத ஒன்று. கழுத்தை மூடு. விரல் விறைத்தால் பிறேக் பிடிக்கப் பிந்தும், அதனால் விறைப்பதற்கு முதலே நிறுத்திக் கையைச் சூடாக்கு. ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்ளே மூச்சு நீராவி படியாமல் பின்லொக் என்கிற உள்கண்ணாடி போடு. கறுப்புக் கண்ணாடி மட்டும் கொண்டு போகாதே, நிழலுக்குள் நுழைந்ததும் ஈரம் எது றோட்டு எது என்று தெரியாது.

செயின் ஆட்டத்தின் அளவையும், இரண்டு ரயரிலும் உள்ள அந்த நாலு இலக்கத்தையும் வெளிக்கிடுகிற கிழமைக்கு முதல் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கும் ஒருக்கால் நீயே எடுத்துக் கதை, நான் சொன்னால் கேட்கமாட்டா.

அன்புடன்,
அப்பா