பழைய பத்திரங்களில் வரும் எல்லாப் பெயர்களுக்கும் அடைவு வேண்டும்: கவுண்டி எழுத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வர்ஜீனியா, கென்டக்கி மாநிலங்களின் கவுண்டி எழுத்தர்களும் மாநில ஆவணக் காப்பாளர்களும்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

உங்கள் பொறுப்பில் உள்ள பத்திரப் புத்தகங்களில் 1850ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றுக்கு, விற்றவர், வாங்கியவர் என்னும் இரு தரப்போடு நின்றுவிடாமல், பத்திரத்தில் இடம்பெறும் ஒவ்வொருவரின் பெயரையும் கொண்ட அடைவு ஒன்றை உருவாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வருகிறது. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு என்றும், அடைவு என்பது பெயரைக் கொண்டு உரிய பக்கத்தைக் கண்டறிய உதவும் பட்டியல் என்றும் தமிழ் வாசகர்கள் கொள்க. தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் குடும்பங்களில் மண உறவு கொண்ட தமிழர் பலர் இன்று இருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் ஒரு வழியில் காவிரிக்கரைக்கோ தாமிரபரணிக்கரைக்கோ உரியவர்கள் என்றால், மற்றொரு வழியில் அப்பலாச்சிய மலையடிவாரத்து உழவர்களின் வழித்தோன்றல்கள். அவ்விரண்டாம் வழியைத் தேடத் தொடங்கும் தமிழ்ப் பெற்றோர், தேடல் எங்கே தடைப்படுகிறது, ஏன் தடைப்படுகிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 1790 முதல் 1840 வரை நடந்த ஆறு கணக்கெடுப்புகளிலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் மக்களும் உடன் வாழ்ந்த பிறரும் வயதுப் பிரிவுகளின் கீழ் வெறும் எண்களாகவே நிற்கிறார்கள். அடிமைப்படாத ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் 1850இல்தான் முதன்முறையாகப் பதிவாயின. குடும்பத் தலைவருக்கு அவர் என்ன உறவு என்பது 1880இல்தான் சேர்ந்தது. இதற்கு மேலும் ஓர் இழப்பு உண்டு. வர்ஜீனியாவின் 1790ஆம் ஆண்டு ஏடுகள் இன்று இல்லை. 1800ஆம் ஆண்டுக்குரியவற்றிலும் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. கென்டக்கியில் அவ்விரண்டு ஆண்டுகளின் ஏடுகளும் இல்லை. ஆகவே, 1780களில் வர்ஜீனியாவில் பிறந்து, மலைகளைத் தாண்டிக் கென்டக்கியில் குடியேறி, 1850க்கு முன்பே மறைந்த ஒருவரின் பெற்றோர் யார் என்ற கேள்விக்குக் கணக்கெடுப்பு எந்தக் காலத்திலும் விடை தராது. அந்த விடை இருக்குமானால், அது உங்கள் கட்டடத்தின் அலமாரிகளில்தான் இருக்கும்.

ஆப்ரகாம் லிங்கனின் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். அவர் 1809இல் கென்டக்கியில் பிறந்தவர். 1810, 1820 ஆண்டுகளின் படிவங்களில் அச்சிறுவனின் பெயர் இருக்க வழியே இல்லை; தந்தை தாமஸ் லிங்கனின் பெயருக்கு எதிரே, உரிய வயதுக் கட்டத்தில் ஓர் எண்ணாக மட்டுமே அவர் அடங்குவார். ஆனால் தந்தையின் வாழ்க்கையை நில ஆவணங்களின் வழியே ஏறக்குறைய முழுமையாகத் தொடர முடிகிறது. கென்டக்கியில் அவர் கைக்கு வந்த பண்ணைகளின் உரிமைச் சிக்கல்கள் பதிவாகியுள்ளன. அவற்றால் மனம் சலித்து அவர் 1816இல் இண்டியானாவுக்குப் பெயர்ந்தார். 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் 160 ஏக்கருக்கு முன்பணம் கட்டினார். மாநில எல்லையைக் கடந்ததும் அவருடைய உரிமை உறுதிப்பட்டதற்குக் காரணம் அளவை முறை. இண்டியானாவில் கூட்டாட்சி அரசு 1785ஆம் ஆண்டு ஆணைப்படி நிலத்தை முன்கூட்டியே அளந்து, ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரத்தையும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாகவும் வகுத்த பிறகே விற்றது. கென்டக்கியிலோ, வர்ஜீனியா 1779இல் இயற்றிய சட்டத்தின்படி, நில ஆணை பெற்றவர் தாம் விரும்பிய இடத்தைத் தாமே தேர்ந்து அளந்துகொள்ள முடிந்தது. ஒரே நிலத்தின் மேல் இருவரும் மூவரும் உரிமை கோரினார்கள்.

இந்த வேறுபாடு இன்றைய தேடலிலும் தொடர்கிறது. கூட்டாட்சி அரசு விற்ற நிலங்களின் முதல் பட்டயங்களை நில மேலாண்மைப் பணியகம் இணையத்தில் கட்டணமின்றி வைத்திருக்கிறது. பெயரை இட்டால் நொடியில் கிடைக்கிறது. உங்கள் மாநிலங்களில் கூட்டாட்சி அரசு நிலம் விற்கவில்லை. அங்கே எல்லாம் மாநிலத்தின் பட்டயத்தையும் கவுண்டியின் பத்திரப் புத்தகத்தையும் பொறுத்தது.

அப்புத்தகங்களில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழ் வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை எழுதுவதுபோல, அங்கும் ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்ன திசையில் இத்தனை போல் தூரம் சென்று, இன்னாரின் வேலி மூலையைத் தொட்டு, ஓடையோடு இறங்கி, தொடங்கிய மரத்துக்கே திரும்புவதாக நிலம் வரையறுக்கப்படும். ஒரு போல் என்பது பதினாறரை அடி. எல்லையில் பெயர் சொல்லப்படும் அண்டை நிலத்தார் பல நேரங்களில் மாமனாராகவோ சகோதரராகவோ இருப்பார்கள். சாட்சிக் கையெழுத்திட்டவர்களும், அளவையின்போது சங்கிலி பிடித்தவர்களும் பெரும்பாலும் உறவினரோ அக்கம்பக்கத்தவரோதான்.

மனைவியின் பெயர் பதிவாகும் முறை இன்னும் பயனுள்ளது. கணவர் நிலத்தை விற்றால், அதில் மனைவிக்குள்ள வாழ்நாள் உரிமையை அவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்காகக் கணவர் உடனில்லாமல் அவரைத் தனியே விசாரித்து, மனமொப்பியே ஒப்புக்கொண்டார் என்று குறிப்பெழுதுவார்கள். குடும்பம் அதற்குள் வேறு கவுண்டிக்கோ கென்டக்கிக்கோ பெயர்ந்திருந்தால், அங்குள்ள அமைதி நீதிபதிகள் இருவருக்கு நீதிமன்றத்திலிருந்து ஆணை போகும். அவர்கள் விசாரித்து எழுதியனுப்பிய சான்று பத்திரத்தின் அடியில் படியெடுக்கப்படும். ஒரு பெண்ணின் பெயர், அவருடைய கணவர், அவர்கள் எங்கிருந்து எங்கே போனார்கள், எந்த ஆண்டுக்குள் போனார்கள் என்பவை அனைத்தும் அச்சில வரிகளில் அடங்கிவிடுகின்றன. கணக்கெடுப்பில் அப்பெண்ணுக்குப் பெயரே இல்லாத காலம் அது.

மூத்த மகனுக்கே நிலம் என்ற வழக்கத்தை வர்ஜீனியா 1785ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்ததும் இங்கே நினைக்கத்தக்கது. அச்சட்டம் 1787இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் அவருடைய பிள்ளைகள் அனைவருக்கும் சமமாகப் போயிற்று. பிள்ளைகளோ பல திசைகளில் பிரிந்திருந்தார்கள். நிலத்தை விற்க அவர்கள் எல்லோரும், மகள்களின் கணவர்கள் உட்பட, ஒரே பத்திரத்தில் சேர வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்தின் முழு உறுப்பினர் பட்டியலை, அவரவர் வாழும் ஊரோடு, சட்டப்படி உறுதிசெய்து எழுதிய ஆவணம் அக்காலத்தில் இதைவிடச் சிறந்தது வேறில்லை என்பது என் கருத்து.

ஆனால் அந்தப் பத்திரம் உங்கள் அடைவில் எப்படிப் பதிவாகியிருக்கிறது? முதலில் கையெழுத்திட்ட ஒருவரின் பெயர் இருக்கும். அதையடுத்து ‘மற்றும் பிறர்’ என்று இருக்கும். என் கணவரின் மூதாதை ஒருவர் 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கென்டக்கியின் முதிய உழவராக, பிறந்த இடம் வர்ஜீனியா என்ற ஒரே குறிப்போடு காணப்படுகிறார். அதே பெயரில் வேறு சிலரும் அக்கவுண்டியிலேயே வாழ்ந்தார்கள். கென்டக்கியின் பழைய வரிப் பட்டியல்கள் நிலம் எந்த ஓடைக்கரையில் உள்ளது என்பதையும், முதலில் யார் பெயரில் பதிந்து அளந்து பட்டயம் பெற்றது என்பதையும் கட்டம் கட்டமாகச் சொல்வதால், அவர்களுள் இவர் யார் என்று பிரித்தறிய முடிந்தது. பெற்றோரை அறிய மட்டும் வழியில்லாமல் இருந்தது. வர்ஜீனியாவின் ஒரு கவுண்டியில், தந்தையின் நிலத்தை விற்ற வாரிசுகளுள் ஒருவராக அவர் இருந்தார். பத்திரம் அண்ணன் பெயரில் மட்டும் அடைவில் ஏறியிருந்தது. அண்ணன் பெயர் தெரியாதவர்களுக்கு அந்த அடைவு எந்த உதவியும் செய்யாது. புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வாசித்தபோதுதான் உடன்பிறந்தார் அனைவரும், மூத்த சகோதரியின் கணவரும், தாயின் பெயரும் கிடைத்தார்கள். அக்கவுண்டியின் பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை. அன்றைய எழுத்தர்கள் நில உரிமையைச் சரிபார்ப்பதற்காகவே அடைவு செய்தார்கள், அந்நோக்கத்துக்கு அது போதுமானதாகவே இருந்தது. இன்று அப்புத்தகங்களை நாடி வருவோரில் குடும்ப வரலாறு தேடுவோர் மிகப் பலர் என்பதை நீங்களே அறிவீர்கள்.

என் குடும்பத்தைவிட இந்த அடைவு எவருக்கு மிகுதியாக வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே பெரும் சுவராக நிற்கிறது. அதற்கு முந்தைய 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கிறது, அடிமைப்பட்டவருக்கு வயதும் பாலும் நிறமும் மட்டுமே உள்ளன. அவர்களின் பெயர்கள் உங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அடமானப் பத்திரத்தில், மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த தானப் பத்திரத்தில், கடனுக்கு ஈடாக எழுதிய பொறுப்புப் பத்திரத்தில், தாயும் பிள்ளைகளும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறார்கள். விற்றவரும் வாங்கியவரும் வெள்ளையர் என்பதால் அடைவில் அவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். ஒரு பாட்டியின் பெயரைத் தேடிவரும் பேத்தி, அவரை உடைமையாக வைத்திருந்தவரின் பெயரை முன்பே அறிந்திருந்தால் மட்டுமே அப்பக்கத்தை அடைய முடியும் என்ற நிலை நீடிப்பது நியாயமன்று. வட கரோலைனாவில் பங்கம் (Buncombe) என்னும் கவுண்டியின் பத்திரப் பதிவாளர் அலுவலகம் இத்தகைய பத்திரங்களைத் திரட்டிப் பொதுவில் வைத்தது. வர்ஜீனியா மாநில நூலகமும் ‘வர்ஜீனியா அன்டோல்டு’ என்னும் திட்டத்தில் கவுண்டி நீதிமன்ற ஆவணங்களிலிருந்து இப்பெயர்களை மீட்டுவருகிறது. ஆகவே நான் கேட்பது புதுமையானதோ இயலாததோ அன்று.

ஆவணங்கள் எரிந்துபோன கவுண்டிகளுக்கும் இந்த அடைவு உயிர் கொடுக்கும். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் சிட்டி கவுண்டி தன் ஆவணங்களை உள்நாட்டுப் போர்க்காலப் பாதுகாப்புக்காகத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பியது. 1865 ஏப்ரலில் நகரம் எரிந்தபோது அவையும் அழிந்தன. பக்கிங்ஹாம் கவுண்டியின் நீதிமன்றம் 1869இல் எரிந்தது. நில வரிப் புத்தகங்களின் ஒரு படி ஆண்டுதோறும் தலைநகருக்குப் போனதால் அங்கு யார், எத்தனை ஏக்கர் என்பது மட்டும் பிழைத்தது. உறவுகளைச் சொல்லும் பத்திரங்கள் பிழைக்கவில்லை. அக்கவுண்டிகளின் மக்கள் பக்கத்துக் கவுண்டிப் புத்தகங்களில் சாட்சிகளாகவும் அண்டை நிலத்தாராகவும் வாரிசுகளாகவும் சிதறிக் கிடக்கிறார்கள். இன்றுள்ள இரு தரப்பு அடைவு அவர்களைக் காட்டுவதில்லை.

எல்லாப் பெயர்களையும் பதிவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு வர்ஜீனியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. அங்கே ஒருவரை அழைத்துவந்தால் அவர் தலைக்கு 50 ஏக்கர் என்ற முறை 1618இல் தொடங்கியது. நிலம் கேட்டவர் தாம் அழைத்துவந்தவர்களின் பெயர்களைக் கொடுத்தார். ஜார்ஜ் மெனிஃபி என்பவர் 1635இல் அவ்வாறு கொடுத்த பெயர்களுள் ஒன்று ‘கிழக்கிந்தியர் டோனி’. அமெரிக்க மண்ணில் பெயரோடு பதிவான முதல் இந்தியராக அவரை வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் நிலத்தை வாங்கவில்லை, விற்கவில்லை. பட்டயங்களைச் சுருக்கி அச்சிட்டவர்கள் அழைத்துவரப்பட்டவர்களின் பெயர்களையும் விடாமல் அடைவில் சேர்த்ததால்தான் அவர் நமக்குக் கிடைத்தார். அதற்குப் பின்னர் வந்த பத்திரப் புத்தகங்களுக்கும் அதே அக்கறையைக் கேட்கிறேன்.

செலவு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. கையால் அடைவு செய்ய வேண்டியிருந்தவரை இது பெரும் பணியாகவே இருந்திருக்கும். ஆனால் குடும்ப வரலாற்று ஆவணங்களை இணையத்தில் தரும் ஃபேமிலிசர்ச் நிறுவனம் 2024இல் அமெரிக்க நில ஆவணங்களையும் உயில் ஆவணங்களையும் கணினியே வாசித்து, உள்ளிருக்கும் எந்தச் சொல்லையும் தேடும் வசதியைத் திறந்துவிட்டது. பழைய கையெழுத்தைக் கணினி பல இடங்களில் பிழையாகவே வாசிக்கிறது. மங்கிய மையிலும், ‘எஃப்’ போலத் தோன்றும் நீண்ட பழைய ‘எஸ்’ எழுத்திலும் தடுமாறுகிறது. எனவே அதை அப்படியே அடைவாக ஏற்கச் சொல்லவில்லை. அந்த வாசிப்பை முதல் வரைவாகக் கொண்டு, தன்னார்வலர்கள் பக்கப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி, உங்கள் அலுவலகம் சரிபார்த்து, கவுண்டியின் அடைவிலேயே அதை இணைக்க வேண்டும் என்கிறேன். தனியார் தளத்தில் மட்டும் இருக்கும் தேடல் வசதி நாளை கட்டணத்துக்குள் போகலாம்; கவுண்டியின் அடைவு மக்களுக்கு உரியது.

பதியும்போது வாரிசுகள், மனைவியர், சாட்சிகள், எல்லையில் குறிக்கப்பட்ட அண்டை நிலத்தார், சங்கிலி பிடித்தவர்கள், அடிமைப்படுத்தப்பட்டவர்கள் ஆகிய ஒவ்வொருவரும் எந்த நிலையில் அப்பத்திரத்தில் வருகிறார் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டுகிறேன். நிலை குறிக்காமல் பெயர்களை மட்டும் கொட்டினால் தேடுபவர் மீண்டும் குழம்புவார். அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்குக் குடும்பப் பெயர் எழுதப்படாத இடங்களில், உடன் எழுதப்பட்ட தாய், பிள்ளைகளின் பெயர்களையும் அதே பதிவில் சேர்த்து வையுங்கள். தனித்தனியே பிரித்துவிட்டால் அக்குடும்பத்தை மறுபடி கூட்டுவது கடினம்.

பழைய கையெழுத்தை வாசிக்கப் பழகிய தமிழர் சிலரும், அவர்களின் அமெரிக்க உறவினர்களும் இத்திருத்தப் பணியை ஊதியமின்றிச் செய்ய அணியமாக இருக்கிறோம். 1787 முதல் 1830 வரையிலான புத்தகங்களிலிருந்து தொடங்கலாம் என்பது எங்கள் யோசனை; வாரிசுகள் சேர்ந்து விற்ற பத்திரங்கள் மிகுதியாக உள்ள காலம் அதுவே. உங்கள் கவுண்டியில் பக்கப் படங்கள் பொதுப் பார்வைக்குத் திறந்திருக்கின்றனவா, இல்லையெனில் எந்த நிபந்தனையில் திறக்க இயலும், முதலில் எந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தன் பிள்ளைகளின் தந்தைவழி முன்னோரை உங்கள் புத்தகங்களில் தேடிவரும் தமிழ்த் தாய்