சுண்டுவிரல் எந்தக் கட்டத்தில் ஏறும்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் மாநிலக் காவல்துறைத் தலைவர்களுக்கும், வணக்கம்.

மறதி நோய் கண்ட என் பெரியப்பா ஒரு நாள் டீ குடிக்கப் போனவர், வீடு திரும்பவில்லை. ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். கைக்கு வந்த எஃப்.ஐ.ஆர் நகலில் 'மாநிறம், வெள்ளை வேட்டி' என்று மட்டும் இருந்தது. இடக்கையில் சுண்டுவிரல் இல்லை என்று இரண்டு முறை சொல்லியிருந்தோம். பதினோராம் நாள், பக்கத்து மாவட்ட அரசு மருத்துவமனையில் பெயர் தெரியாத நோயாளியாகக் கிடந்தவரை நாங்களே தேடிப் பிடித்தோம். இரண்டு ஊர் ஸ்டேஷனிலும் இருப்பது ஒரே சி.சி.டி.என்.எஸ்., அதாவது புகார், வழக்கு விவரங்களை ஏற்றித் தேடும் காவல்துறைக் கணினி வலையமைப்பு.

மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு, 2009இல் ஒப்புதல் பெற்ற திட்டம் அது. இன்று 17,000க்கும் மேற்பட்ட காவல் நிலையங்களை இணைக்கிறது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்றாத விவரத்தை எந்தக் கணினி தேடித் தரும்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் பீட்டர் சட்கிளிஃப் 13 பெண்களைக் கொன்றான். போலீஸ் அவனை ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டது. அவனைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் லீட்ஸ் நகரக் காவல் நிலையத்து அட்டைகளில் இருந்தன. அட்டைகளின் பாரம் தாங்காமல் தரையையே பலப்படுத்தினார்களாம். ஓர் அட்டையை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கத்தான் வழியில்லை. 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில், போலி நம்பர் பிளேட்டால்தான் அகப்பட்டான். அந்தத் தோல்வியை ஆராய்ந்த பைஃபோர்டு அறிக்கைக்குப் பிறகே, பெரிய வழக்குகளுக்கென்று 'ஹோம்ஸ்' என்ற கணினி முறை அங்கே வந்தது.

நம்மிடம் கணினி இருக்கிறது. அதில் பாதி நிரப்பிய படிவம், அடுக்கில் தொலைந்த அட்டைக்குச் சமம். அடையாளம் தெரியாத உடல் ஒன்று கிடைத்தால், கொலை விசாரணையின் முதல் கேள்வியே 'இது யார்' என்பதுதானே? பதில் வேறு மாநிலத்தில், ஒரு 'பெண் மாயம்' வழக்கில் இருக்கலாம். தழும்பு, பச்சை குத்தியது, பல் கட்டியது எதுவும் ஏறவில்லையென்றால் இரண்டும் சேரவே சேராது.

பந்தோபஸ்து, கோர்ட், சம்மன் என்று அலையும் ஸ்டேஷன் ரைட்டர் தலையில் இதையும் கட்டினால் அவர்தான் என்ன செய்வார்? பதிவுக்கென்று பயிற்சி பெற்ற தனி ஆள் வேண்டும். அப்புறம் இன்னொன்று. புகாரை எழுதியதும் கொடுத்தவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கணினியில் ஏற்றிய அடையாளங்களையும் அப்படியே படித்துக்காட்டுங்கள். விட்டுப்போனது என்ன என்று கேளுங்கள். சுண்டுவிரலை நாங்கள் மூன்றாவது முறையும் சொல்லியிருப்போம்.

இப்படிக்கு,
காணாமல் போனவரைத் தேடி அலைந்த குடும்பத்தில் ஒருவர்