அந்தப் பிளக்கை வெட்டாதே, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று வீடியோ காலில் காரைக் காட்டினாய். லைட்டர் சாக்கெட்டிலிருந்து உன் சாட்டிலைட் ரேடியோவின் ஒயர் தொங்கி, கியருக்கும் காபி கப்புக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. "பிளக்கை வெட்டிவிட்டு ஒயரை நேராக டேஷ்போர்டுக்குள் கொடுத்துவிடலாமாப்பா?" என்று கேட்டாய். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதனால்தான் எழுதுகிறேன். வெட்டாதே.

அது வெறும் பிளக் இல்லை. கார் பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குப் பக்கம். உன் சிரியஸ் எக்ஸ்எம் ரேடியோ செட் கேட்பதோ 5 வோல்ட். நடுவில் நின்று அதைக் குறைப்பது அந்தப் பிளக்குக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட். அதை வெட்டி எறிந்துவிட்டு நேராகக் கொடுத்தால் செட் போய்விடும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நாமக்கல்லில் கடை போட்ட முதல் வருஷம், ஒரு டிரைவர் அவசரப்படுத்தினார் என்று 24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் டேப் ரெக்கார்டரை மாட்டிக் கொடுத்தேன். பாட்டு இரண்டு வரி ஓடியது, அப்புறம் புகை. புது செட் வாங்கித் தந்தேன், ஒரு மாத வருமானம் போனது. அடுத்த முறை ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக லாரியின் இரண்டு 12 வோல்ட் பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் கரன்ட் எடுத்தேன். செட் நன்றாகப் பாடியது. ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கி இறங்கிச் சீக்கிரமே செத்தது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

அங்கே அமெரிக்காவில் ஆட்டோ பார்ட்ஸ் கடையில், பின்னால் சிவப்பு, கறுப்பு ஒயர் வைத்த லைட்டர் சாக்கெட் தனியாகக் கிடைக்கும். அதை டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளித்துக் கட்டிவிட்டு, உன் பிளக்கை அதில் அப்படியே செருகிவிடு. குலுங்கிக் கழன்று வராமல் இன்சுலேஷன் டேப் நாலு சுற்று. நாளைக்குக் காரை விற்றாலும் செட்டைப் பிளக்கோடு எடுத்துக்கொள்ளலாம்.

சிவப்பு ஒயருக்கு ஃபியூஸ் பெட்டியில் கரன்ட் எடுக்க வேண்டும். 'ஃபியூஸ் டேப்' என்று கேள், தருவார்கள்; ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகி, புது ஒயருக்குக் கரன்ட் பிரித்துத் தரும் துண்டு அது. அதில் உன் ஒயருக்கென்று தனியாக 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் போதும். ஏர்பேக், பிரேக் சம்பந்தப்பட்ட ஃபியூஸ் பக்கம் போகாதே. மஞ்சள் உறை போட்ட ஒயர் ஏர்பேக்குக்குப் போவது, அதைத் தொடவே தொடாதே. சாவியைத் திருப்பினால் வோல்ட் மீட்டரில் 12 காட்டி, சாவியை எடுத்தால் பூஜ்யத்துக்கு வரும் இடமாகப் பார்த்துப் பிடி. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். எப்போதும் கரன்ட் இருக்கும் இடத்தில் மாட்டினால், செட் 0.3 ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-ஹவர் போகும். நாலு நாள் காரை எடுக்காமல் விட்டால் பேட்டரியில் பாதி காலி. மொன்டானா குளிரில் நல்ல பேட்டரியே காலையில் முனகும். போஸ்மனிலிருந்து பில்லிங்ஸுக்கு 230 கிலோமீட்டர் தனியாகப் போகிறவள் நீ, செல்ஃப் எடுக்காமல் பனியில் நிற்காதே.

மீட்டர் வைத்துப் பார்த்து முடித்ததும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கு. கறுப்பு ஒயரின் முனையில் லக் என்கிற உலோக வளையத்தை அடித்து, பாடி போல்ட்டில் முறுக்கு; அதுதான் எர்த். பெயின்ட் மேலேயே வைத்து முறுக்காதே, தகரம் பளிச்சென்று தெரிகிற வரை சுரண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று சத்தம் ஏறினால், முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்படு.

ஆன்டெனா கூரை மேலேயே இருக்கட்டும். ஒயரைக் கதவு ரப்பருக்குள் சொருகிக் கொண்டுவா, கதவிடுக்கில் நசுங்கக் கூடாது. சாட்டிலைட் உனக்குத் தெற்கே இருக்கிறது, 36,000 கிலோமீட்டர் உயரத்தில். தெற்குப் பக்கம் மலை மறைத்தால் பாட்டு அறுந்து அறுந்து வரும். அதற்கு ஒயரைக் குறை சொல்லிப் பயனில்லை. லாரி ஆபீஸ் மாமா வீட்டு மாடியில் வேர்ல்டுஸ்பேஸ் சாட்டிலைட் ரேடியோ கேட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆன்டெனாவை யாராவது தட்டிவிட்டால் அன்றைக்குப் பாட்டே கிடையாது. 2009 முடிவோடு இங்கே அந்தச் சேவையே நின்றுபோனது. அந்தப் பெட்டியில் இப்போது மாமி தீப்பெட்டி வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பி. இங்கே இரவு ஒன்பதரை, நான் முழித்துத்தான் இருப்பேன். எதையும் கழற்றும் முன் ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. எந்த ஃபியூஸ் என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அப்பா