கரும்பலகையைப் பார்த்து எழுதத் திணறும் பிள்ளை: வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். உங்கள் வகுப்பில் ஒரு பையன், வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்கிறான், நோட்டில் மட்டும் பாதி வரிதான் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் 'சோம்பேறி' என்ற பேச்சை விட்டுவிடுவோம். கண்ணும் காதும் பரிசோதித்தாயிற்றா என்று பெற்றோரிடம் கேளுங்கள். டிஸ்லெக்சியாவா (வாசிக்கவும் எழுத்துக்கூட்டவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு) என்று தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை; அதற்காக, தீர்மானம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அவன் நோட்டில் பிழைகளை எண்ணாதீர்கள், வகை பிரியுங்கள். 'கொடி' என்பதை 'கெடி' என்று வாசிக்கிறானா? 'கொ'வில் ஒலி ஒன்று, குறியோ இரு பக்கமும்: முன்னால் கொம்பு, பின்னால் கால். இடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்து வரும் பிள்ளை, கொம்பும் 'க'வும் வந்ததுமே 'கெ' என்று முடித்துவிடுவான். மூன்று அட்டை எடுங்கள். நடுவில் 'க'. கால் அட்டையை அவனே வலப்பக்கம் வைத்து 'கா' என்று சொல்லட்டும். அதை எடுத்துவிட்டு இடப்பக்கம் கொம்பு வைத்தால் 'கெ'. இரண்டையும் வைத்தால் 'கொ'. தினம் பத்து நிமிடம் போதும். இது கைகூடுமுன் இரட்டைக் கொம்புக்குப் போகாதீர்கள். ல, ள, ழ குழப்பம் வேறு ரகம். அது நாவிலும் காதிலும் தொடங்குவது, அட்டை உதவாது. எத்தனையோ பிள்ளைகள் செய்வதுதான், அதை மட்டும் வைத்துப் பதற வேண்டாம்.

பலகையைப் பார்த்து எழுதுவதில் சிக்கலே வேறு. நிமிர்ந்து பார்த்து, மனத்தில் பிடித்து, குனிந்து எழுதி, மறுபடி நிமிரும்போது எந்த வரி என்பது தொலைந்துபோகிறது. முன் பெஞ்சுக்கு மாற்றினால் மட்டும் இது தீராது. அதே பாடத்தை 14 பாயிண்ட் அளவு எழுத்தில், ஒன்றரை வரி இடைவெளி விட்டு அச்செடுத்து மேசையில் வையுங்கள். இரு ஓரமும் சமமாக இழுக்காதீர்கள், சொற்களுக்கு நடுவே இடைவெளி கோணலாகிவிடும். ஒரு வரி மட்டும் தெரியும்படி அட்டையில் ஜன்னல் வெட்டிக் கொடுங்கள். எழுதுவது இரண்டே வரியாக இருக்கட்டும்.

திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள்; எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அறிவியல் தேர்வு என்றால் கேள்வியை நீங்கள் வாசியுங்கள், அவன் வாயால் சொல்லட்டும். அங்கே சோதிப்பது எழுத்துக்கூட்டலை அல்லவே.

'அவனுக்கு மட்டும் ஏன்?' என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். அச்செடுத்த தாளை மேசைக்கு ஒன்றாக எல்லோருக்கும் வைத்துவிடுங்கள். தேதி, செய்து பார்த்தது, நடந்தது என்று தினம் ஒரு வரி குறித்து வாருங்கள். சிறப்பாசிரியரை (கற்றலில் திணறும் பிள்ளைகளுக்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்) பார்க்கும் நாளில் அந்தக் குறிப்பையும் பழைய நோட்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.

அன்புடன்.