உட்கார ஓர் இடம் போடுங்கள்: மால் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாலின் இரண்டாம் தளத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே கீழ்த்தளத்தில் உள்ள புகார்ப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அடுத்த வாரம் மின்னஞ்சலும் அனுப்பினேன். பதில் வந்தது. "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி, அதற்குக் கீழே அடுத்த முறை வரும்போது காட்டச் சொல்லி ஒரு பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். நான் தள்ளுபடி கேட்கவில்லை. உட்கார இடம் கேட்டேன். அதனால்தான் இதை நாலு பேர் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சென்னையில் இருக்கும் பெரிய மாலுக்கு ஒரு தடவை போகவேண்டும் என்று என் பிள்ளைகள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவள் பத்தாவது தேறியதும் சரி, போகலாம் என்று முடிவு செய்தோம். நான், வீட்டுக்காரர், பெரியவள், ஆறாவது போகும் சின்னவன், எழுபத்தொரு வயதான என் அம்மா. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. ஆனாலும் "டி.வி.யில பாத்ததுதான், நானும் ஒரு தடவை நேர்ல பாத்துடறேனே" என்றார். அந்த ஆசைக்கு எப்படி வேண்டாம் என்று சொல்வது?

காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினோம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து எங்களைப் போன்றவர்கள் அங்கே இறங்கி, டவுன் பஸ் நிற்கும் பக்கம் நடந்து, மறுபடி ஏறித்தான் ஊருக்குள் வரவேண்டும். அது அரசாங்கத்திடம் கேட்கவேண்டிய விஷயம், உங்களிடம் இல்லை. ஆனால் வெளியூர்க் குடும்பம் உங்கள் வாசலை மிதிக்கும்போதே பாதி களைத்துப்போய்த்தான் இருக்கும் என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன. அந்த வெயிலில் உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடித்த குளிர்ச்சியில் சின்னவன் அப்படியே நின்றுவிட்டான். அண்ணாந்து நாலு மாடியையும் பார்த்து அவன் வாயைப் பிளந்ததும், அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டதும் என் கண்ணிலேயே இருக்கிறது. வாசலில் எங்கள் புளிசாதத் தூக்கை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்த காவலர்கூட மரியாதையாகத்தான் பேசினார். வெளிச்சாப்பாடு கூடாது என்பது உங்கள் விதி, அதைப் பற்றி நான் சண்டை போட வரவில்லை.

எஸ்கலேட்டரில்தான் தொடங்கியது. அம்மா ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளை அழுத்திக்கொண்டு, வலது காலை நீட்டுவார். படி நகர்ந்துவிடும். காலை இழுத்துக்கொள்வார். மூன்று தடவை பார்த்தார். பின்னால் கூட்டம் சேர்ந்ததும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "நீங்க போங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்றார். லிஃப்டுக்குப் போனோம். இரண்டில் ஒன்றில் 'பராமரிப்புப் பணி' என்று பலகை. மற்றொன்றுக்கு, தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருந்தவர்களும் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரும் எங்களுக்கு முன்னால் நின்றார்கள். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரமும் அம்மா நின்றுகொண்டே இருந்தார்.

இரண்டாம் தளத்தில் வெளியே வந்ததும் அவரால் முடியவில்லை. லிஃப்டுக்கு எதிரே பெரிய செடித்தொட்டி இருக்கிறதே, அதன் விளிம்பில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஒரு காவலர் வந்தார். என் தம்பி வயதுதான் இருக்கும். "இங்க உக்காரக் கூடாதும்மா. கேமராவுல பாத்தா என்னைத்தான் கேப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னார். "சரிப்பா, உனக்கு எதுக்குப் பொல்லாப்பு" என்று அம்மா என் கையைப் பிடித்து எழுந்தார். எழும்போது அவர் முகம் சுருங்கியதை அந்தக் காவலரும் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மேல் எனக்குத் துளி கோபம் இல்லை. நாள் முழுக்க அவரும் நிற்கிறவர்தான். எழுபது வயதுக் கிழவி உட்கார்ந்தால் எழுப்பு என்று அவருக்கு உத்தரவு போட்டவர்களிடம்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தளம் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பெஞ்ச் இல்லை. சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் மேல்தளத்தில் நாற்காலி உண்டு, ஆனால் 'வாங்கியவர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. பிறகு அங்கேயும் போனோம். ஒரு காபி வாங்கி அம்மாவை உட்கார வைத்தேன். காபி தீர்வதற்குள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பக்கத்தில் வந்து நின்றது. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அம்மாவே எழுந்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் துணிக்கடையில் விற்பனை வேலை பார்க்கும் ஒரு பெண், கல்லாவுக்குப் பின்னால் இருந்த தன் ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள். "பாட்டி, இப்படி உக்காருங்க." "நீ எங்கம்மா உக்காருவ?" என்று அம்மா கேட்டார். "எனக்கு நின்னு பழக்கம் பாட்டி" என்றாள். முன்பு அந்தத் தளத்தில் இரண்டு பெஞ்ச் இருந்ததாக அவள்தான் சொன்னாள். அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கும் வண்டி நிற்கிறது. பெஞ்ச் வாடகை தராது, வண்டி தரும். வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இருந்தால் சொல்லுங்கள்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. 1947-ஆம் வருஷத்துச் சட்டம் அது. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, விற்கிற பெண் கொஞ்சம் உட்காரலாம் என்று எழுதுவதற்கு. அப்படிக் கிடைத்த ஒரு ஸ்டூலை அந்தப் பெண் என் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நின்றாள். எவ்வளவு பெரிய கட்டடம் உங்களுடையது. அதில் அன்றைக்கு ஒரு கிழவிக்கு இடம் கொடுத்தது, ஒரு மாதச் சம்பளக்காரப் பெண்.

நான் தைக்கும் கடை எட்டடிக்குப் பத்தடி. இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேஜை, தைத்த துணி மாட்டும் கம்பி. அதற்கே இடம் போதாது. ஆனாலும் வாசலை ஒட்டி ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறேன். ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும்வரை காத்திருப்பவர்கள் உட்காருவார்கள். ஒன்றும் தைக்கக் கொடுக்காமல், பஸ்ஸுக்கு நிற்பவர்களும் வந்து உட்காருவார்கள். எழுந்திருங்கள் என்று நான் யாரையும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பழைய சாலையோரங்களில் இன்னமும் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. வயிற்றுப்பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக, அவள் வீட்டார் நட்டு வைப்பார்கள். முன்பின் தெரியாதவன் தலைச்சுமையை இறக்கி வைத்துக் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று. துக்கத்தில் இருந்தவர்களுக்கே வழிப்போக்கனின் கழுத்துவலி நினைவுக்கு வந்திருக்கிறது.

உங்களை மட்டும் சொல்வதற்கில்லை. ஊரே அப்படித்தான் ஆகிக்கொண்டு வருகிறது. எத்தனையோ பஸ் நிறுத்தங்களில் உட்காரும் இடத்தைச் சரிவான குழாயாகப் போட்டிருக்கிறார்கள். சாயலாம், உட்கார முடியாது. சினிமா தியேட்டருக்குள் வெளிச்சாப்பாட்டைத் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுத்தமான குடிதண்ணீர் இலவசமாகத் தரவேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னது. முதல் பாதியை எல்லோரும் பலகையில் எழுதி மாட்டிவிட்டார்கள், இரண்டாவது பாதியை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது. காசு கொடுத்தால்தான் மனிதன், கொடுக்கும் நேரம் மட்டும்தான் மனிதன் என்று ஒரு பழக்கம் வந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். ஒவ்வொரு தளத்திலும் நாலு பெஞ்ச் போடுங்கள். சாய்மானம் உள்ளதாக, கைப்பிடி உள்ளதாக. முட்டி தேய்ந்தவர்களுக்குக் கைப்பிடி இல்லாவிட்டால் எழுந்திருக்க முடியாது. எதையும் வாங்காமல் உட்காரலாம் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். செடித்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தால் எழுப்பவேண்டும் என்ற உத்தரவு இருந்தால், பெஞ்ச் வரும்வரையாவது அதை நிறுத்தி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு லிஃப்டும் ஓடட்டும்.

வியாபாரக் கணக்கிலும் ஒன்று சொல்கிறேன், நானும் கடை நடத்துகிறவள்தான். பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் மகளுக்கு இரண்டு சுடிதார், சின்னவனுக்கு ஷூ, அம்மாவுக்கு ஒரு புடவை என்று ஆறாயிரம் ரூபாய் தனியாக எடுத்து வந்திருந்தேன். ராத்திரி ஏழு மணி வரை இருக்கலாம் என்பதுதான் திட்டம். மூன்றரைக்கே கிளம்பிவிட்டோம். விளையாட்டுக் கூடத்து கார்டில் போட்டது, காபி, ஐஸ்கிரீம், சின்னவனின் ஷூ போக மீதிப் பணம் என் கைப்பையிலேயே திண்டிவனம் திரும்பியது. டோக்கனைக் கொடுத்து புளிசாதத்தை வாங்கி, வெளியே நடைபாதையில் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா கால் நீட்டி உட்கார்ந்தது அப்போதுதான். "நான் வராம இருந்திருந்தா பசங்க இன்னும் கொஞ்சம் சுத்திப் பாத்திருக்கும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு குடும்பம் ஒன்றாகச் சந்தோஷமாக இருக்கலாம் என்றுதானே உங்கள் விளம்பரப் பலகையில் போட்டிருக்கிறீர்கள்? அந்தப் படத்தில் ஒரு பாட்டியும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

செஞ்சியில் இருக்கும் என் நாத்தனார் போன வாரம் போன் பண்ணினார். காலாண்டு லீவில் பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு உங்கள் மாலுக்கு வரலாமா, செலவுக்கும் அலைச்சலுக்கும் தகுமா என்று கேட்டார். பிள்ளைகளை மட்டும் கூட்டிப்போவதானால் போய்வாருங்கள், ஒரு நாளைக்குத் தகும் என்றேன். மாமியாரும் வருவதானால் கிளாம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கிறது, செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு, பேட்டரி வண்டியில் உட்கார்ந்தே சுற்றிப் பார்க்கலாம் என்றேன். இந்தப் பதிலை மாற்றிச் சொல்ல எனக்கு ஆசைதான். அந்த அம்மாவுக்கும் அண்ணாந்து நாலு மாடியைப் பார்க்க ஆசை இருக்கும்.

தயவுசெய்து கூப்பன் அனுப்பாதீர்கள். பெஞ்ச் போட்டாயிற்று என்று ஒரு வரி அனுப்புங்கள், போதும். முதல் பெஞ்சை இரண்டாம் தளத்தில், லிஃப்டுக்கு எதிரே, அந்தச் செடித்தொட்டியை ஒட்டிப் போடுங்கள். இடம் இருக்கிறது. நான் அளக்கிறவள், கண்ணாலேயே பார்த்துவிட்டேன். ஐந்தடிக்குத் தாராளமாக வரும்.

இப்படிக்கு,
திண்டிவனத்திலிருந்து ஒரு தையல்காரி