‘வேலை செய்கிறது’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

பழைய லேப்டாப், டேப்லெட், போன்களைத் திரட்டிச் சீர்செய்து தேவைப்படுவோருக்கு வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் பெட்டிகளைத் திறந்து, கருவிகளை ஓட்டிப் பார்த்து, படிக்கிற பிள்ளைகள் கையில் கொடுக்கும் இடத்தில் இருப்பவள் நான். ‘குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்’ என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் குறை சொல்லத்தான் எழுதுகிறேன். கருவிகளோடு வரும் அந்தத் தாளைப் பற்றிய குறை. ‘ரீஃபர்பிஷ்டு, டேட்டா அழிக்கப்பட்டது, ஐ5, நல்ல நிலை’ என்று அதில் எழுதியிருக்கிறது. படித்து முடித்தாலும் கருவியைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை.

முதலில் ‘டேட்டா அழிக்கப்பட்டது’. எப்படி அழித்தீர்கள்? ஃபைலை நீக்கி ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்புதான் போகிறது. அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை ஹார்ட் டிஸ்க்கில் உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். ‘குவிக் ஃபார்மட்’டும் இதே கதைதான். 2003-இல் சைம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், பழையதாக வாங்கிய 158 டிஸ்க்குகளைச் சோதித்த விவரம் இருக்கிறது. படிக்க முடிந்த 129-இல் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் பலவற்றின் உரிமையாளர்களும் ‘அழித்துவிட்டோம்’ என்றுதான் நம்பியிருப்பார்கள்.

ஹார்ட் டிஸ்க் என்றால் ஒவ்வொரு செக்டரிலும், அதாவது தகவல் பதியும் ஒவ்வொரு சிறு கட்டத்திலும், ஒருமுறை பூஜ்யம் எழுதினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்பது 1990-களின் டிஸ்க்குகளை வைத்து வந்த பேச்சு. அதற்காக இரவெல்லாம் மெஷினை ஓடவிட வேண்டாம். சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி அப்படி இல்லை. தேய்மானத்தைச் சமமாகப் பங்கிட, அது எழுத வேண்டியதை உள்ளுக்குள் இடம் மாற்றி மாற்றி எழுதும். வெளியிலிருந்து நாம் எழுதும் பூஜ்யம் எட்டாத மூலைகள் அதில் உண்டு. எனவே அந்த டிரைவுக்குள்ளேயே இருக்கும் ‘செக்யூர் எரேஸ்’ கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், டிரைவ் முதலிலிருந்தே என்கிரிப்ட், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம், செய்யப்பட்டிருக்க வேண்டும். அப்போது சாவியை அழித்தாலே உள்ளே இருப்பது யாருக்கும் பயன்படாது. இப்போதைய போன்களில் ஃபேக்டரி ரீசெட் நம்பகமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். இன்னொன்று: விண்டோஸில் ‘ரீசெட்’ கொடுத்து ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்றாலும், டிரைவைத் துப்புரவாக அழிக்கும் தேர்வு தானாக இயங்காது. அதை நாம்தான் போட வேண்டும்.

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் 800-88 வழிகாட்டி இதை கிளியர், பர்ஜ், டெஸ்ட்ராய் என்று மூன்று படியாகப் பிரிக்கிறது. மேலோட்டமான மீட்பு மென்பொருளுக்குச் சிக்காதபடி அழிப்பது முதல் படி, ஆய்வுக்கூடத்தாலும் மீட்க முடியாதபடி அழிப்பது இரண்டாவது, டிரைவையே உடைத்துப்போடுவது மூன்றாவது. இவற்றில் எதைச் செய்தீர்கள் என்று தாளில் ஒரே சொல்லில் எழுதலாமே. கொடுத்தவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

எங்களை அதிகம் படுத்துவது பூட்டுகள்தான். பளபளவென்று ஒரு போன் வருகிறது. ஆன் செய்தால் மொழியைக் கேட்கிறது, வைஃபை கேட்கிறது, சரி என்று போனால் அடுத்த திரையில் ‘இந்தப் போனில் முன்பு பயன்படுத்திய கூகுள் கணக்கைக் கொடுக்கவும்’ என்று நிற்கிறது. அதற்கு மேல் ஓர் அடி நகராது. செட்டிங்ஸுக்குள் போகாமல், பட்டன்களை அழுத்தி ரிக்கவரி மெனு வழியாக யாரோ ரீசெட் செய்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 5.1 காலத்திலிருந்து இருக்கும் திருட்டுத் தடுப்பு இது. ஐபோனில் இதே வேலையை 2013-இல் ஐஓஎஸ் 7 உடன் வந்த ஆக்டிவேஷன் லாக் செய்கிறது. திருடனுக்கு வைத்த பூட்டு, தானம் வாங்கியவரைத்தான் வெளியே நிறுத்துகிறது. கொடுத்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் அதற்குள் மறந்திருக்கும். ஆகவே போனை வாங்கும் மேசையிலேயே, கொடுப்பவர் எதிரில் இருக்கும்போதே, கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லுங்கள். ரீசெட் அதற்கு அப்புறம்தான்.

அலுவலகங்கள் மொத்தமாகக் கொடுக்கும் லேப்டாப்களில் வேறொரு வில்லங்கம். விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்த உடனே ‘இது இன்ன நிறுவனத்தின் கருவி’ என்று லாகின் கேட்கும். எம்டிஎம் எனப்படும் நிர்வாகப் பட்டியலில் அந்தக் கருவியின் பெயர் இன்னும் இருப்பதுதான் காரணம். டிஸ்க்கையே மாற்றினாலும் போகாது. அந்த அலுவலகத்தின் ஐடி பிரிவு பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும். கருவி ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் மென்பொருளுக்குப் பாஸ்வேர்டு இருந்தால் அதையும் அவர்களே எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ‘ஐ5’. 2009-இலிருந்து இன்டெல் அந்தப் பெயரில் சிப் விற்றுவருகிறது. ஐ5-2410எம் 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை. ஐ5-8250யு 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை. ஒட்டுவில்லையில் இரண்டும் ஐ5 தான். ஆனால் விண்டோஸ் 11-க்கு, சில விலக்குகள் போக, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சிலர் தடையைச் சுற்றிப்போய் பழைய மெஷினில் 11-ஐ ஏற்றி அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட கருவிகளுக்கு அப்டேட் தருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. அதைவிட லினக்ஸ், குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் போன்ற வேறு ஓஎஸ் ஒன்றைப் போட்டு, ‘இதில் இதுதான் இருக்கிறது’ என்று எழுதுவது மரியாதை. கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் லேப்டாப் என்றால், தானியங்கி அப்டேட் எந்த ஆண்டு நிற்கும் என்பது செட்டிங்ஸிலேயே இருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள்.

‘நல்ல நிலை’, ‘ஏ கிரேடு’ என்பதெல்லாம் பெரும்பாலும் வெளிப்புறக் கீறலைப் பற்றிய பேச்சு. ஆளுக்கு ஆள் அளவுகோல் மாறும். பேட்டரியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாகச் சார்ஜ் ஆனால் நிற்கும் கொள்ளளவு. முதலாவது 48,000, இரண்டாவது 19,000 மில்லிவாட்-மணி என்றால் 40 சதவீதம்தான் மிச்சம். ஐந்து மணி நேரம் தாங்கிய லேப்டாப் இனி இரண்டு மணி நேரம் தாங்கும். அதனால் தப்பில்லை, சொல்லிவிட்டால் பிளக்குக்குப் பக்கத்து மேசையைக் கொடுத்துவிடுவோம். ஆனால் டச்பேட் மேலே எழும்பி, அடிமூடி பிதுங்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடாதீர்கள், பெட்டியில் வைத்து அனுப்பவும் வேண்டாம்.

‘ரீஃபர்பிஷ்டு’ என்று எழுதுவதற்குப் பதில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். துடைத்து, ஆன் ஆகிறதா என்று பார்த்ததோடு சரி என்றால், அதையே எழுதலாம்.

2022-இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் கால்வாசிகூட இல்லை. ஆகவே எதையும் வீணாக்க வேண்டாம் என்ற உங்கள் எண்ணம் புரிகிறது. ஆனால் உயிர் போன கருவியை எங்களுக்கு அனுப்பினால், மறுசுழற்சிக்கு அனுப்பும் செலவும் அலைச்சலும் எங்கள் தலையில் விழுகின்றன.

தாள் மாதிரி ஒன்றை நாங்களே தயார் செய்து தருகிறோம். சிப்பின் முழு எண், ரேம், டிரைவ் வகை, அழித்த முறை, கணக்கும் நிர்வாகப் பூட்டும் நீங்கினவா, பேட்டரி சதவீதம், எந்த ஓஎஸ், அதற்கு எதுவரை அப்டேட், சார்ஜர் எத்தனை வாட். அரைப்பக்கம்கூட வராது. அடுத்த பெட்டி கிளம்புவதற்கு முன் கேட்டால் அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
பெட்டிகளைத் திறக்கும் தன்னார்வலர் ஒருத்தி