பேராசிரியர்களே, ஒரு நாள் பாலத்தூணின் உச்சி (பியர் கேப்) மேல் ஏறிப் பாருங்கள்

கட்டமைப்புப் பொறியியல் சொல்லித்தரும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

பாலம் கட்டும் சைட்டுகளில் காலம் தள்ளுபவன் நான். வருடாவருடம் உங்கள் மாணவர்கள் வருகிறார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள், கம்ப்யூட்டரில் பாலத்தை வரைந்து நிலநடுக்கத்தைக் கொடுத்து எத்தனை மில்லிமீட்டர் ஆடும் என்று அரை நாளில் சொல்லிவிடுவார்கள். அந்த மாடலைத் திறந்து பார்த்தால் தூணின் அடி தரையோடு அசையாமல் ஒட்டியிருக்கும், தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே பேரிங் (உத்திரம் உட்காரும் தாங்கி) இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புள்ளி இருக்கும்.

இப்படி மாடலில் வராத இடங்களில்தானே நிலநடுக்கத்தில் பாலங்கள் விழுந்தன சார்? 1971இல் அமெரிக்காவின் சான் ஃபெர்னாண்டோவில் உத்திரம் உட்கார இடம் போதாமல் நழுவி விழுந்தது. 1989இல் அதே கலிஃபோர்னியாவில் ஓக்லண்டின் சைப்ரஸ் இரண்டடுக்குப் பாலத்தில் 42 பேர் செத்தார்கள். இளகிய சேற்று மண் மேல் நின்ற பகுதி படுத்துவிட்டது, அதே பாலத்தில் கெட்டி மண்ணில் நின்ற பகுதி தப்பியது. (மண் மட்டுமே காரணமில்லை, தூண் முட்டுகளில் கம்பியும் பற்றவில்லை.) 1995இல் ஜப்பானின் கோபேயில் தூண்களோடு 635 மீட்டர் மேம்பாலச் சாலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. நெடுக்குக் கம்பிகளில் ஒரு பங்கைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள், அவற்றைச் சுற்றிக் கட்டும் ரிங்கும் தள்ளித்தள்ளி.

ரிங் என்றதும் ஞாபகம் வருகிறது. போன மழைக்கு முன்னால் எங்கள் கம்பி மேஸ்திரி, "ரிங் முனையை 135 டிகிரி வளைச்சா உள்ள நுழைய மாட்டேங்குது சார், 90லயே விட்டுடவா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற புது இன்ஜினியர் தலையாட்டப் பார்த்தார். தூணின் மேல்தோல் காங்கிரீட் உதிர்ந்ததும் 90 டிகிரி கொக்கி பிரிந்துவிடும், அப்புறம் உள்ளே இருப்பதைப் பிடிக்க ஆளில்லை என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. இன்னொரு பழைய பாலத்தில் வரைபடப்படி இரண்டு தளங்களுக்கு நடுவே 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கவேண்டிய ஜாயிண்டுக்குள் டார்ச் அடித்தேன், சென்ட்ரிங் பலகை அப்படியே கிடக்கிறது, மேலே காங்கிரீட் வழிந்து இறுகியிருக்கிறது. அந்தப் பாலம் உங்கள் மாடல் மாதிரியா ஆடும்?

லேப் சோதனையும் இதே கதைதான். பத்தில் ஒரு பங்கு அளவில் தூண் செய்தால் குறுக்குவெட்டு நூறில் ஒன்று, எடை ஆயிரத்தில் ஒன்று, அதாவது ஒவ்வொரு சதுர அங்குலமும் சுமப்பது பத்தில் ஒரு பங்குதான். மேலே கூடுதல் எடை ஏற்றாமல் ஆட்டினால் அது நிற்கத்தான் செய்யும், ரிப்போர்ட்டில் 'பாதுகாப்பானது' என்று எழுதிவிடலாம். ஜப்பான்காரர்கள் மிகி நகரில் நிலநடுக்கம் மாதிரி ஆட்டும் 20க்கு 15 மீட்டர் மேடை கட்டி, 1970களின் பாணியிலேயே முழு அளவுத் தூண் வார்த்து உடைத்துப் பார்த்தது சும்மாவா? நமக்கு அவ்வளவு வசதி வேண்டாம். சென்னையை 2002இல்தான் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாவதுக்கு மாற்றினார்கள், அதற்கு முன் கட்டிய பாலங்கள் எத்தனையோ நிற்கின்றன. ஒவ்வொரு மாணவரும் அதில் ஒன்றை எடுத்து, பேரிங்கையும் ஜாயிண்டையும் இருக்கிற நிலையில் அளந்து, மண் பரிசோதனை அறிக்கை வாங்கி, அதை மாடலில் போடட்டும். ஒரு செமஸ்டர் போதும்.

ஏணி, ஹெல்மெட், டார்ச் நான் தருகிறேன். பஸ் மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சைட் இன்ஜினியர்